முற்றுகை மதிலைப் பழசாக்குதல்: மேசைப்போர் மாதிரிகளுக்கு வண்ணம் பூசும் முறை

மேசைமீது ஆடும் போர் விளையாட்டுக்காக வீட்டிலேயே செய்யப்படும் மாதிரிகளில் பெரும்பாலானவை ஒரே கட்டத்தில்தான் கெட்டுப்போகின்றன. வெட்டியதும் ஒட்டியதும் நேர்த்தியாகவே இருக்கும், வண்ணமும் குறைசொல்லும்படி இராது. ஆனால் பழசாக்குகிறேன் என்று கறுப்பு வண்ணத்தைத் தண்ணீரில் கரைத்து உச்சியிலிருந்து அடிவரை ஊற்றிய பிறகு பார்த்தால், சுவர் நூறு வருடச் சுவராகத் தெரியாமல் அடுப்படிச் சுவராகத் தெரியும். காரணம் எளிது. மழைக்கறை, பாசி, காரை உதிர்வு, பீரங்கிக் குண்டு பட்ட காயம் ஆகிய ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில் சுவருக்கு வந்து சேர்ந்தவை. எது முன்னால் வந்ததோ அதை முன்னால் பூசவேண்டும், எது நேற்று வந்ததோ அதைக் கடைசியாகத்தான் தொடவேண்டும். இந்த வரிசையை மாற்றாமல் வைத்துக்கொண்டால் கை அவ்வளவாகப் பழகாதவரும் நம்பத்தக்க ஒரு மதிலைச் செய்துவிடலாம்.

இங்கே விளக்கத்துக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது, 1763இல் தொடங்கி, அவ்வாண்டு மழைக்காலத்தில் தளர்ந்து, 1764இல் மீண்டும் இறுகிய மதுரைக் கோட்டை முற்றுகை. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் தளபதியாக இருந்து, பின்னர் அதே கம்பெனிக்கு எதிராகக் கோட்டைக்குள் நின்று போரிட்ட யூசுப் கான் 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டதோடு அது முடிந்தது. ஒரு கொத்தளம், அதன் இருபுறமும் ஒரு சாண் நீளத்துக்கு மதில், முன்னால் அகழியின் ஒரு பகுதி, இரண்டு பீரங்கிகள், ஒரு மாட்டு வண்டி ஆகியவை போதும். அளவு 1:72. இந்த அளவில் ஆறு மீட்டர் உயரச் சுவர் 83 மில்லிமீட்டராகவும், ஒன்பது அங்குலச் செங்கல் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகவும், சராசரி மனிதர் 23 மில்லிமீட்டராகவும் அமைவர். 28 மில்லிமீட்டர் பொம்மைகளை வைத்திருப்பவர்கள் 1:56 என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். பூசும் முறையில் வேறுபாடு எதுவும் இல்லை.

தூரிகையைத் தொடுவதற்கு முன் ஒருநாள் காலையில் கிளம்பிச் சென்று உண்மையான பழஞ்சுவரைப் பார்த்துவரவேண்டும் என்பதை நான் வலியுறுத்துவேன். மதுரைக் கோட்டை மதில் 19ஆம் நூற்றாண்டில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் இடிக்கப்பட்டு அகழியும் தூர்க்கப்பட்டுவிட்டதால், இன்று அதன் எச்சமாகப் பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே மேற்கு வாசல் பகுதி மட்டுமே நிற்கிறது. அதைவிட நிதானமாகப் பார்க்க உகந்தது அழகர்கோயிலைச் சூழ்ந்திருக்கும் பழைய கோட்டைச் சுவர். அங்கே நிற்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும். தண்ணீர் எங்கிருந்து வழிகிறது? வெயில் எந்தப் பக்கம் குறைவாகப் படுகிறது? ஆளும் ஆடும் எந்த உயரம்வரை உரசிச் செல்கின்றன? கைப்பேசியில் படம் எடுக்கும்போது சுவர் முழுவதையும் எடுப்பதோடு நின்றுவிடாமல், ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் உள்ள நிற வேறுபாடு தெரியும்படி நெருக்கமாகவும் சில படங்கள் எடுத்துவாருங்கள். நம் பக்கத்துக் கருங்கல்லைப் பெயரைக் கேட்டு யாரும் கறுப்பாகப் பூசிவிடக்கூடாது. அது சாம்பல் நிறம், அதுவும் நீலம் கலந்த சாம்பல் அல்ல, சற்றே பழுப்பும் இளஞ்சிவப்பும் ஓடிய சாம்பல்.

மேற்பரப்பும் அடிப்பூச்சும்

உடம்புக்குத் தெர்மகோல் போதும். ஆனால் கண்ணில் படும் முகப்புக்கு, விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் வெட்டுத்துண்டாகக் கிடைக்கும் சன் போர்டு ஒட்டுவது நல்லது, ஏனெனில் தெர்மகோலின் மணி மணியான அமைப்பு எத்தனை பூச்சுக்குப் பின்னும் காட்டிக்கொடுத்துவிடும். எழுதித் தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் கல் இணைப்புகளை அழுத்திக் கோடிட்டு, சில கற்களின் விளிம்பைக் கத்தி நுனியால் சிறிது செதுக்கிவிடுங்கள். காரை பூசிய இடங்கள் வேண்டுமானால் முதலில் செங்கல் வரிசையைக் கோடிட்டு, அதன்மேல் சுவர்ப் பட்டியை நகக்கண் அளவு தடிமனில் திட்டுத்திட்டாகப் பூசி, முழுவதும் காய்வதற்குள் அதன் ஓரங்களைப் பெயர்த்துவிடவேண்டும். உதிர்ந்த காரைக்குக் கீழே செங்கல் தெரியவேண்டும் என்றால் செங்கல் உண்மையிலேயே கீழே இருக்கவேண்டும். காரைமேல் செங்கல்லை வரைந்துகாட்டும் குறுக்குவழி எட்டத்திலிருந்து பார்த்தாலும் பல்லிளிக்கும்.

அடுத்து, இரண்டு பங்கு ஃபெவிகாலுக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து, அதில் கொஞ்சம் சலித்த மணலும் கறுப்பு அக்ரிலிக்கும் சேர்த்து, தெர்மகோல் வெளியே தெரியும் இடமே இல்லாதபடி இரண்டு தடவை பூசி ஒரு இரவு காயவிடுங்கள். இந்தப் படியை நான் ஒருமுறை தவிர்த்தேன். அவசரத்தில் ஸ்பிரே பெயிண்டை நேராக அடித்தேன். அதிலுள்ள கரைப்பான் பட்டதும் மூன்று வாரம் செய்த கொத்தளம் என் கண்முன்னாலேயே குழிவிழுந்து, வெயிலில் வைத்த வெல்லக்கட்டி போலத் தொய்ந்தது. டர்பன்டைனும் தின்னரும்கூடத் தெர்மகோலை இதே கதிக்கு ஆளாக்கும். ஆகவே கடைசிப் பூச்சுவரை தண்ணீரில் கரையும் வண்ணங்களையே பயன்படுத்துவது பாதுகாப்பானது.

அடிப்பூச்சுக்குத் தனியாக விலையுயர்ந்த பிரைமர் தேவையில்லை. பெயிண்ட் கடையில் வாங்கும் வாட்டர் பிரைமரில் கறுப்பு, மஞ்சள், செங்காவி ஸ்டெய்னர்களில் சில சொட்டுகள் விட்டால் கருஞ்சாம்பல் அடிநிறம் கிடைத்துவிடும். சின்னச்சின்ன ஸ்டெய்னர் குப்பிகள் வீட்டுக்கு வெள்ளையடிப்பவர்கள் நிறம் கூட்டுவதற்காக வாங்குபவை. ஒரு குப்பி இரண்டு மூன்று ஆண்டுகள் வரும். இதன்மேல் கல்லின் நிறத்தைக் கலக்கும்போது, உண்மையான கல்லைவிட ஒரு படி வெளுப்பாகக் கலக்கவேண்டும். சிறிய பொருளின்மேல் அதே நிறம் கூடுதல் இருட்டாகத் தெரியும் என்பதும், அதன்மேல் இனி வரப்போகும் ஒவ்வொரு பூச்சும் நிறத்தை இன்னும் கொஞ்சம் மங்கவைக்கும் என்பதும் இதற்குக் காரணம். அடிநிறம் காய்ந்தபின், ஆறு கற்களுக்கு ஒன்று என்ற கணக்கில் சிலவற்றைப் பழுப்புக் கூட்டியும் சிலவற்றை வெள்ளை கூட்டியும் தனித்தனியாகப் பூசுங்கள். இது சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் சுவருக்கு உயிர் வருவது பெரும்பாலும் இங்கேதான்.

மதுரை வெயிலில் அக்ரிலிக் தட்டிலேயே தோல்கட்டிவிடும். ஒரு எவர்சில்வர் டப்பாவில் நனைத்துப் பிழிந்த துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் பட்டர் பேப்பரை விரித்து, வண்ணத்தை அதில் கலந்துகொண்டு, வேலை நின்றதும் மூடி வைத்தால் மறுநாளும் அதே நிறத்தில் தொடரலாம்.

பழைய கறைகள்

முதலில் வாஷ். ஒரு பங்கு கரும்பழுப்பு வண்ணத்துக்கு எட்டு முதல் பத்துப் பங்கு தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் ஒரே ஒரு சொட்டு. அந்தச் சொட்டு தண்ணீரின் இழுவிசையைக் குறைப்பதால், வண்ணம் மேற்பரப்பில் முத்துமுத்தாக நிற்காமல் கல் இணைப்புகளுக்குள் ஓடி அமரும். சுவரைப் படுக்கவைத்துப் பூசி, மேடான இடங்களில் தேங்குவதை ஈரத்துணியால் உடனே ஒற்றி எடுக்கவேண்டும். நன்றாகக் காய்ந்தபின் உலர்தூரிகை முறை. மயிர் தேய்ந்த ஒரு பழைய தூரிகையில் வெளிர்சாம்பல் வண்ணத்தைத் தொட்டு, அதைச் செய்தித்தாளில் ஏறக்குறைய எதுவும் ஒட்டாத நிலைவரை துடைத்துவிட்டு, கற்களின் விளிம்புகளின்மேல் குறுக்காக வருடுங்கள். தாளில் கோடு விழுந்தால் தூரிகையில் இன்னும் வண்ணம் அதிகமாக இருக்கிறது என்று பொருள். இந்த இரண்டும் எல்லோரும் செய்பவை, ஆகவே இவற்றைப்பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

மழைக்கறை அப்படியல்ல. கைப்பிடிச்சுவரில் மழைநீர் வெளியேறும் துளைகளுக்குக் கீழேயும், பீரங்கி வாய்த்திறப்புகளின் இரு மூலைகளுக்குக் கீழேயும், கல் துருத்திக்கொண்டிருக்கும் இடங்களுக்குக் கீழேயும்தான் கறை தொடங்கும். நடுச்சுவரில் காரணமில்லாமல் தொடங்கும் கறை பொய்யானது. தொடங்கும் இடத்தில் அடர்ந்து, கீழே போகப்போக அகன்று மெலிந்து மறையவேண்டும். சுவரைச் செங்குத்தாக நிறுத்தி, அந்த இடத்தைத் தண்ணீரால் நனைத்து, மெல்லிய தூரிகையால் உச்சியில் ஒரு சிறு கோடு இட்டு, தண்ணீரில் கழுவிய வேறொரு தூரிகையால் அதைக் கீழ்நோக்கி இழுங்கள். ஒரே அடர்த்தியில் ஒரு கறை இடுவதைவிட, மெலிந்த மூன்று கறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக, இடையில் காயவிட்டு இடுவது நல்லது.

இதன் நிறத்தை முடிவுசெய்ய உங்கள் போர் எந்த மாதத்தில் நடக்கிறது என்று தெரிந்திருக்கவேண்டும். வடகிழக்குப் பருவமழை நம்மூர்ச் சுவர்களில் அக்டோபருக்குப் பிறகு பச்சைப் பாசியை வளர்க்கிறது. தை, மாசி தாண்டியதும் அந்தப் பாசி காய்ந்து கறுத்து, பச்சையே இல்லாத கருங்கறையாகச் சுவரோடு ஒட்டிவிடுகிறது. ஆகவே 1763 நவம்பரில் மழையால் பின்வாங்கும் படையை ஆடுகிறவர் கறுப்பில் பச்சையைத் தாராளமாகக் கலக்கலாம், அடிச்சுவரில் ஈரப்பளபளப்புக்கு ஓரிரு இடங்களில் கிளாஸ் வார்னிஷும் தொடலாம். 1764 ஜூன் மாதத் தாக்குதலை ஆடுகிறவர் பச்சையைத் தொடவே வேண்டாம். கறுப்பும் அம்பர் பழுப்பும் சமபங்கு போதும். எந்த மாதமானாலும் வடக்கும் கிழக்கும் பார்த்த முகங்களில் கறையைக் கூட்டுங்கள். அப்பருவமழை அந்தத் திசையிலிருந்துதான் சாய்ந்து அடிக்கிறது, வடக்கு முகத்தில் ஈரம் காய்வதற்கும் நாளாகும்.

அகழிப் பக்கத்துச் சுவரில் கறை கிடைக்கோடாக வரும். நீர் ஏறி இறங்கும் சுவர் எப்படி இருக்கும் என்பதற்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் படிகளைவிட நல்ல பாடம் கிடையாது. நீர்மட்டம் நெடுநாள் நின்ற இடத்தில் ஒரு வெளிர்கோடு, அதற்குக் கீழே வண்டல் படிந்த மங்கிய பழுப்பு, அதற்கும் கீழே பாசி. மேசையில் அகழித் தண்ணீரை எந்த மட்டத்தில் வைத்திருக்கிறீர்களோ அதற்கு ஒரு விரற்கடை மேலே இந்தக் கோடு வந்தால், முன்பு தண்ணீர் அதிகமாக இருந்திருக்கிறது என்று பார்ப்பவர் தானே புரிந்துகொள்வார்.

கல்லிடுக்கில் முளைக்கும் அரசங்கன்று சேர்க்க விரும்பினால், சணல் நூலைப் பிரித்து வேராகச் சுவரோடு ஒட்டி, நாலைந்து இலைத்துணுக்குகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். களத்தில் மரம் நடுகிறவர்களுக்கும் ஒரு சொல். இன்று மதுரையைச் சுற்றி எங்கு பார்த்தாலும் நிற்கும் சீமைக்கருவேல மரம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இந்தியாவுக்குள் வந்தது. 1764 மேசையில் பனையும் நாட்டுக் கருவேலும் நிற்கலாம், அது நிற்கக்கூடாது.

புதிய காயங்கள்

இதுவரை பூசிய எல்லாமும் முற்றுகைக்கு முந்தியவை. இப்போது சுவரை ஒரு நாள் ஒதுக்கி வைத்து, முழுவதும் காய்ந்தபின், மங்கல் வார்னிஷ் ஒரு பூச்சு கொடுங்கள். இதற்குப் பிறகுதான் கத்தியை எடுக்கவேண்டும். இடிபாட்டை முதலிலேயே செதுக்கி, பிறகு எல்லாவற்றின்மேலும் ஒரே வாஷைப் பூசுவது பலரும் செய்யும் தவறு. அப்படிப் பூசினால், நேற்று விழுந்த குண்டுக் காயமும் நூறு வருடப் பாசியும் ஒரே வயதுடையவையாகத் தெரியும், முற்றுகையின் பரபரப்பு முழுவதும் போய் அது ஒரு சுற்றுலாத்தலமாகிவிடும்.

இரும்புக் குண்டு கல்லில் படும்போது கிண்ணம் போன்ற ஆழமற்ற குழியும், அதைச் சுற்றிச் சில வெடிப்புகளும் உண்டாகும். ஒரே இடத்தில் திரும்பத்திரும்ப அடித்தே மதிலை உடைப்பார்கள் என்பதால், குழிகளைச் சுவர் முழுவதும் அம்மைத் தழும்பு போலத் தூவாமல், உடைப்பு விழவேண்டிய இடத்தில் நெருக்கமாகவும் அதைச் சுற்றிச் சில தவறிய குண்டுகளாகவும் வையுங்கள். குழியின் உட்புறம் சுவரின் மேற்பரப்பைவிட நிச்சயமாக வெளுத்திருக்கவேண்டும். உடைந்த கருங்கல் தெளிவான வெளிர்சாம்பல் நிறம், உடைந்த செங்கல் கலப்பற்ற செம்மஞ்சள், உடைந்த காரை வெள்ளை. இந்த மூன்றின்மேலும் வாஷ் வேண்டாம், அடிநிழலுக்காக ஓரங்களில் மட்டும் பழுப்பை மெலிதாகத் தொடலாம். உடைப்பின் அடியில் சரிந்து கிடக்கும் இடிபாடு அதே சுவரிலிருந்து விழுந்ததுதானே. ஆகையால் நீங்கள் செதுக்கி எடுத்த துண்டுகளையே அங்கே ஒட்டுங்கள். அவற்றில் சிலவற்றின் ஒரு பக்கத்தில் பழைய கறை இருக்கும், மற்ற பக்கங்கள் புதிதாக இருக்கும். இந்த ஒரு நுணுக்கத்தைப் பார்ப்பவர்கள் சொல்லத் தெரியாமலே ரசிப்பார்கள். கடைசியாக, சுண்ணாம்புத் தூளைக் காய்ந்த தூரிகையால் இடிபாட்டின்மேல் தட்டி, மேலே ஊதிவிட்டால் தூசி படிந்துவிடும்.

வெடிமருந்துப் புகைக்கறை பீரங்கி வாய்த்திறப்பின் உட்பக்கங்களில் மட்டும், அதுவும் மிகக் குறைவாக இருக்கட்டும். பென்சில் கரியை உப்புத்தாளில் தேய்த்துக் கிடைக்கும் தூள் இதற்குப் போதுமானது.

பீரங்கிகளிலும் இதே விதிதான். அன்றாடம் வெடிக்கும் வெண்கலப் பீரங்கிமேல் பச்சைக் களிம்பை அள்ளிப் பூசவேண்டியதில்லை. கைபடாத அடிப்பகுதியின் மடிப்புகளில் கொஞ்சம் இருந்தால் போதும், கை அடிக்கடி படும் பின்பகுதி மெருகேறி இருக்கவேண்டும், வாயும் மருந்துத் துளையும் கறுத்திருக்கவேண்டும். இரும்புப் பீரங்கியானால் கறுப்பின்மேல் செங்காவியையும் ஆரஞ்சையும் கிழித்த பஞ்சுத்துண்டால் ஒற்றித் துரு காட்டலாம். சக்கரத்தின் இரும்புப் பட்டை தரையைத் தொடும் பரப்பு தேய்ந்து பளபளக்கும், பக்கவாட்டில் துரு ஏறும். இதைத் தலைகீழாகப் பூசியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மாட்டு வண்டியின் மரத்தை ஒரே பழுப்பாகப் பூசாதீர்கள். வெயிலில் கிடந்த மரம் பழுப்பை இழந்து சாம்பல் நிறமாகிவிடும், நுகத்தடியில் மாட்டுக் கழுத்து உரசும் இடம் மட்டும் எண்ணெய்ப்பிசுக்கோடு கறுத்து மின்னும்.

மண்

மண்ணைக் கடையில் வாங்குவது மதுரைக்காரர்களுக்குத் தேவையற்ற செலவு. மேலூர், அழகர்கோயில் பக்கத்துச் செம்மண்ணும் திருமங்கலம் பக்கத்துக் கரிசலும் வைகை மணலும் ஒரு மணிநேர ஓட்டத்துக்குள் கிடைக்கின்றன. எடுத்துவந்ததை இரும்புச் சட்டியில் வறுத்து, ஈரமும் பூச்சியும் போனபின் மல் துணியில் சலித்துக்கொள்ளவேண்டும். சலிக்காமல் போட்டால் ஒவ்வொரு மணற்பரலும் 1:72இல் பாறாங்கல்லாகத் தெரியும். ஃபெவிகால் கலந்த தண்ணீரில் மண் கருத்துக் காயும் என்பதால், அட்டைத் துண்டில் சோதித்துப் பார்த்து, தேவையானால் மேலே வெளிர்நிற உலர்தூரிகை கொடுங்கள். கோடைக்காலக் கரிசல் காட்டுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. கரிசலைக் குழைத்து அரை விரற்கடை தடிமனில் பலகைமேல் அப்பி வெயிலில் வைத்துவிடுங்கள். அது காயும்போது சுருங்கித் தானே வெடிக்கும், அந்த வெடிப்புகளை எந்தக் கருவியாலும் அவ்வளவு இயல்பாகக் கீறமுடியாது. பிறகு நீர்த்த ஃபெவிகாலைச் சொட்டுச்சொட்டாக விட்டு இறுக்கிவிடவேண்டும்.

சேறும் தூசியும் கீழிருந்து மேலே ஏறும். சக்கரங்களிலும் வீரர்களின் கணுக்காலிலும் சுவரின் அடி இரண்டு வரிசைக் கற்களிலும் மேசையில் போட்ட அதே மண்ணைத் தூளாக்கித் தடவினால்தான் மாதிரியும் நிலமும் ஒன்றோடொன்று பொருந்தும். சுவரில் கரிசலும் தரையில் செம்மண்ணுமாக இருந்தால், கோட்டையை வேறூரிலிருந்து தூக்கிவந்து வைத்ததுபோல் இருக்கும்.

காட்சிக்கு மட்டும் வைக்கும் பொம்மைக்கும் விளையாட்டு மாதிரிக்கும் உள்ள வேறுபாடு, பின்னது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நாலு பேர் கையில் படும் என்பது. ஆகவே முடிவில் மங்கல் வார்னிஷ் கட்டாயம். தூரிகையால் பூசும் நீர்வார்னிஷ் என்றால் மெலிதாக இரண்டு தடவை. தூளாகத் தடவிய மண்ணும் சுண்ணாம்பும் வார்னிஷ் பட்டதும் பாதி மறைந்துபோகும் என்பதால், அவற்றைத் தேவைக்குமேல் கொஞ்சம் கூட்டியே தடவியிருக்கவேண்டும். எல்லா இடமும் மூடிய மாதிரிக்கு ஸ்பிரே வார்னிஷ் அடிப்பவர்கள் மழை நாளைத் தவிர்க்கவும், காற்றின் ஈரம் பூச்சுக்குள் சிக்கி வெண்படலமாக நின்றுவிடும். சித்திரை வெயிலில் நடுப்பகலில் அடித்தால், துளிகள் காற்றிலேயே காய்ந்து சுவர்மேல் சொரசொரப்பாகப் படியும். காலை ஏழு மணிக்கு, மொட்டைமாடி நிழலில் அடிப்பதே எனக்கு ஒத்துவந்திருக்கிறது.

சில ஆட்டங்களுக்குப் பிறகு மூலைகளில் வண்ணம் பெயர்ந்து வெள்ளை தெரியத் தொடங்கும். இதற்காகவே அடிநிறத்திலும் கல் நிறத்திலும் கொஞ்சம் சிறு குப்பிகளில் எடுத்து, எந்தச் சுவருக்கு உரியது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதே நிறத்தை மறுபடி கலப்பது ஏறக்குறைய முடியாத காரியம். பழைய கல் பகுதியில் பெயர்ந்தால் உடனே தொட்டு மூடிவிடுங்கள். இடிபாட்டின் ஓரத்தில் பெயர்ந்தால் அப்படியே விட்டுவிடலாம், அங்கே அது சுண்ணாம்புச் சிதறலோடு சிதறலாக இருந்துகொள்ளும்.